தண்டவாளம் இல்லாத ரோடு

கார் வாசலில் நின்றது. காரின் சாவி அவள் கணவனின் சட்டைப் பையில் இருந்தது. கணவனோ காலையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் கடைக்குப் போய்விட்டான். பூட்டாமல் கிடந்த காரின் முன் சீட்டில், மடியில் கைப்பையோடு, கதவைச் சாத்திக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, வண்டி எப்போ பொறப்படும்?" என்று ஜன்னல் வழியாக மருமகளைக் கேட்டார்.



முதல் நாள் சாயங்காலம் நடந்த சண்டையின் சூடு இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. மாமனாருக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்து சேர்ந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு அவர், "நாளைக்கு உங்கம்மாவ அவ அக்கா வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். மறு நிமிஷம் அவர் மகன் எழுந்து போய், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க அந்தக் கார ஓட்டக் கூடாது. அவ்வளவுதான்" என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும். பெரியவர் பதிலுக்குக் கத்தவில்லை. லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது மருமகளுக்கு.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க ரயில் ஓட்டினவர். சரக்கு வண்டியில் ஆரம்பித்து, பாசஞ்சருக்கு வந்து, கடைசியில் எக்ஸ்பிரஸ் வண்டிகளை ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஓர் ஊரையே பின்னால் தூங்கவைத்துக்கொண்டு இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரிட்டயர் ஆன சூட்டோடு யாரையும் கேட்காமல் ஒரு சின்ன பழைய காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினபோதுதான் அது வீட்டுக்குத் தெரிந்தது. வாங்கிய இடத்திலிருந்து காரை வேறு ஆள்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

"ஏன் மாமா, அவ்வளவு பெரிய வண்டிய ஓட்டினீங்க, இது வராதா?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"அதுல ஸ்டியரிங் கிடையாதும்மா" என்றார் எக்ஸ்பிரஸ்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு யோசித்துப் பார்த்தால் உண்மைதானே! ஓட்டலாம், நிறுத்தலாம். திருப்ப முடியாது. தண்டவாளம் எங்கே திரும்புகிறதோ அங்கேதான் வண்டி திரும்பும்.

அவளுக்குத் தொழிலே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு 'பிரேக் மேடம்' என்று பட்டப் பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் வைத்த காலை அவள் எடுத்ததே இல்லை என்று பையன்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அவள் கையில் கற்றவர்கள் யாரும் இதுவரை வம்பில் மாட்டவில்லை.

அவள் கற்றது வேறு விதம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பேக்கரியில் வேலை. ரொட்டி வேன் ஓட்டுகிறவர் திடீரென்று நின்றுவிட, "யாருக்காவது தெரியுமா?" என்று முதலாளி கேட்க, தெரியாமலேயே கையைத் தூக்கியவள் அவள். பின்பக்கம் கதவு சரியாகச் சாத்தாத அந்த வேன்தான் அவளுக்கு முதல் வண்டி. முதல் நாள் ரிவர்ஸ் எடுத்ததில் பேக்கரியின் ஷட்டர் உள்வாங்கிப் போனது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் அன்றைக்கு எல்லாக் கடைக்கும் ரொட்டி போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் நசுங்கிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

கற்றுக்கொள்கிற வயதில் வெட்கம் தெரியாது. எக்ஸ்பிரஸ் கற்றுக்கொண்ட வயதில் வெட்கம் நிறையத் தெரியும். அதுதான் அவளை அசத்தியது.

மாணவர்கள் காரில் ஏறியதும், "மேடம், ஏசி போடுங்க" என்பார்கள். இவர் முதல் நாள் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளையும் விளக்கையும் பார்த்துவிட்டு, "பிரேக் போட்டா எவ்வளவு தூரத்துல நிக்கும்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவளை அந்தக் கேள்வி கேட்டதில்லை.

அதற்கப்புறம் நடந்தது வேறு கதை. கிளச், கியர் எல்லாம் பெரிய மனுஷனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஆனால் வளைவு வந்ததும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நேராகப் போனார்.

"மாமா, திருப்புங்க! திருப்புங்க!"

பிரேக் மேடம் பிரேக்கை மிதித்தாள். விளையாட்டு மைதானத்தின் வேலிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. தங்கள் முறைக்காகப் பின் சீட்டில் காத்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ரோடு திரும்பினா நானும் திரும்பிடுவேன்னு ஒரு நெனப்பு" என்றார் எக்ஸ்பிரஸ், அவர்களையும் சேர்த்துப் பார்த்து. "உங்களுக்கு எப்படிம்மா வருது? கையைப் பாப்பீங்களா, ரோட்டப் பாப்பீங்களா?"

சிரித்த பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இவர் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிப் பழகினார். மாமியார் எதிரே நின்று, "இப்ப ரைட்ல போங்க... ஐயோ, சோபா மேல ஏத்திட்டீங்க" என்று சிரித்ததில் அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எக்ஸ்பிரஸும் சிரித்தார். ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை.

சிக்னல் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்கு. "பச்சை" என்பார். பக்கத்தில் இருப்பவரும் "பச்சை" என்று சொன்னால்தான் வண்டி நகரும். எஞ்சினில் இரண்டு பேர் கண்ணும் பார்த்தாக வேண்டுமாம். இப்போது மற்ற மாணவர்களோடு போகும்போதும் அவள் வாயில் தானாக "பச்சை" வந்துவிடுகிறது. அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இப்படியெல்லாம் கற்று, டெஸ்ட்டில் ஒரு முறை தோற்று, மறுபடி போய், லைசென்ஸ் வாங்கி வந்த மனுஷனிடமிருந்துதான் நேற்றுச் சாவியைப் பிடுங்கியிருக்கிறான் மகன்.

எக்ஸ்பிரஸ் இப்போது இஸ்திரி போட்ட சட்டையில் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு டயராகக் குனிந்து தட்டிப் பார்த்தார். மூடியைத் தூக்கி எண்ணெய் பார்த்தார், தண்ணீர் பார்த்தார்.

"மாமா, சாவி..." என்று இழுத்தாள் அவள்.

"தெரியும்மா. சிக்னல் விழுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அதுக்குள்ள வண்டிய ரெடி பண்ணி வெக்கிறது நம்ம வேல."

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள்.

* * *

கணவனின் கடை மூக்குக்கண்ணாடிக் கடை. சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துவரை இறங்கும் அட்டை. அவன் ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி வந்ததைப் பார்த்தும் லென்ஸை இறக்கவில்லை.

"சாவிக்காகத்தானே வந்த?"

"ஆமா."

"தர மாட்டேன்."

"அத்தை கார்ல ஏறி உக்காந்தாச்சு. இறங்க மாட்டேங்குறாங்க."

லென்ஸ் கீழே இறங்கியது. "அம்மாவும் சேந்துட்டாங்களா?"

"அவங்க அக்கா கால் உடைஞ்சு கட்டுப் போட்டுக் கெடக்குறாங்க. இவங்க முட்டி வலியோட ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வர்றாங்க. உங்களுக்குக் கண்ணு தெரியலையா? கண்ணாடிக் கடை வேற வெச்சிருக்கீங்க."

"நீ கூட்டிட்டுப் போயேன். யார் வேண்டாம்னா?"

"அவர் கூட்டிட்டுப் போகணும்னு ஆசப்படுறார். நான் கத்துக் கொடுத்தவர நானே நம்பலன்னா வேற யாருங்க நம்புவா?"

அவன் எழுந்து கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். வாடிக்கையாளர் யாரும் இல்லை. இருந்தாலும் சாத்தினான்.

"நான் அவர் ஓட்டத் தெரியாதவர்னு சொல்லல. உன்னவிட நல்லா ஓட்டுவார், எனக்குத் தெரியும்" என்றான். குரலில் நேற்றைய காரம் இல்லை. "நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒரு நாள். பள்ளிக்கூடம் லீவு. மாடிப்படியில விளையாடிட்டு இருந்தேன். அப்பா மத்தியானமே வந்துட்டாரு. டூட்டி முடியாம அவர் வந்ததே கிடையாது. வந்தவர் வீட்டுக்குள்ள போகல, அந்தப் படியிலயே உக்காந்துட்டாரு. ஷூவக் கழட்டல. நான் போய் கயித்த அவுக்கப் பாத்தேன். எனக்கு முடிச்சு அவுக்கத் தெரியல."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பழைய ஸ்டேஷன்ல, எதிர் பிளாட்பாரத்து வண்டியப் பிடிக்க ஒருத்தன் லைன்ல இறங்கி ஓடியிருக்கான். அது எனக்குப் பின்னாடி தெரிஞ்சது. அன்னைக்கு அப்பா என் தலையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது இதுதான். 'ஹாரன் அடிச்சேன்டா. பிரேக் போட்டேன்டா. வேற ஒண்ணும் இல்லடா அந்த வண்டியில.' திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு."

தேய்த்த லென்ஸை எடுத்து ஒரு துணியில் சுற்றினான். பிறகு அதையே பிரித்தான்.

"விசாரணையில இவர்மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்க. இவரும் வேலைக்குப் போயிட்டாரு. அம்மாவுக்கு ஏதோ விபத்துன்னு தெரியும், அவ்வளவுதான். அவர் வாயத் திறந்து யார்கிட்டயும் சொன்னதில்ல. என்கிட்ட சொன்னதே அவருக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. ரிட்டயர் ஆன அன்னைக்கு நான் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா? இனிமே அவர் முன்னாடி யாரும் ஓடி வர மாட்டாங்கன்னு. அதுக்குள்ள ஒரு கார வாங்கிட்டு வந்து நிக்கிறாரு." அவன் குரல் உடைந்தது. "இன்னொரு தடவ அவருக்குத் தாங்காதுடீ."

கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது கோபம் இல்லை. நேற்று முழுக்க இவன்மேல் மனசுக்குள் திட்டித் தீர்த்தோமே என்று அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"அவர் இத்தன வருஷம் அதுக்கப்புறமும் ஓட்டினாரே" என்றாள் மெதுவாக. "அடுத்த நாளே யாராவது ஓடி வரலாம்னு தெரிஞ்சுதானே எஞ்சின்ல ஏறியிருப்பாரு? நாமல்லாம் நிம்மதியா தூங்கிட்டுப் போனோம்."

அவன் லென்ஸை மேஜையில் வைத்தான். பிறகு சட்டைப் பையில் கை விட்டான்.

"நானும் வருவேன்" என்றான்.

* * *

காருக்குள் யார் எங்கே உட்காருவது என்பதில் அடுத்த தகராறு.

"அத்தை, நீங்க பின்னாடி வாங்க. நான் முன்னாடி இருக்கணும், ஹேண்ட் பிரேக்காவது கைக்கு எட்டும்" என்றாள் மருமகள்.

"முடியாது" என்றார் மாமியார்.

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் 'முடியாது' என்று சொன்னால் லைன் துண்டித்த மாதிரி. மேற்கொண்டு பேச முடியாது. அன்றைக்கு மட்டும் அவரே பேசினார்.

"இவர் ஓட்டின வண்டியில நான் எத்தனையோ தடவ போயிருக்கேன். இவர் எங்கயோ முன்னாடி. நான் எங்கயோ பின்னாடி, யார் யாரோ நடுவுல. ரயில் வளையும்போது ஜன்னல்ல எட்டிப் பாத்தா தூரத்துல எஞ்சின் தெரியும். சில சமயம் இவர் கை வெளிய தெரியும். அந்தக் கைய எனக்குத் தெரியும்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்டச் சொல்வேன். ஒருத்தரும் நம்ப மாட்டாங்க." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். "ஒரு தடவகூட பக்கத்துல உக்காந்ததில்ல. நான் பின்னாடி வர மாட்டேன்."

எக்ஸ்பிரஸ் காரின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த மனுஷன் யாரையும் கேட்காமல் கார் வாங்கியது ஏன் என்று மருமகளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவளும் கணவனும் பின் சீட்டில் ஏறினார்கள்.

கால் வைக்க பிரேக் இல்லாமல் ஒரு மாணவருக்குப் பின்னால் உட்கார்ந்து போவது பிரேக் மேடத்துக்கு அதுதான் முதல் தடவை. வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் வெறும் தரையை அவள் கால் பத்து இடத்தில் மிதித்துவிட்டது.

எக்ஸ்பிரஸ் அழகாக ஓட்டினார். கிளம்பியதே தெரியவில்லை. உடம்பு ஒரு குலுங்கல் குலுங்கவில்லை. ரயிலை ஸ்டேஷனில் நிறுத்தினால் தூங்குகிறவர் விழிக்கக் கூடாது என்று நினைத்தே பழகிய கால் அல்லவா?

"பச்சை" என்றார் சந்திப்பில்.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டிலிருந்து, "பச்சை" என்றார் மாமியார். எக்ஸ்சேஞ்சில் பேசின அதே கணீர்க் குரல்.

எக்ஸ்பிரஸ் ஒரு கணம் பக்கத்தில் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

ரவுண்டானாவில்தான் கொஞ்சம் சிரமம். வருகிற வண்டிக்கெல்லாம் வழிவிட்டு, விட்டு, நகராமல் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"அப்பா, போங்கப்பா. இப்படி நின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்க வேண்டியதுதான்."

"எனக்கு இன்னும் வழி கெடைக்கலடா."

"இங்க யாரும் கொடுக்க மாட்டாங்க. நாமதான் எடுத்துக்கணும்."

"அதான் இந்த ரோட்டுல ஒருத்தரும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேங்குறாங்க" என்றார் எக்ஸ்பிரஸ். மாமியார் சிரித்தார். கணவனுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. ஓர் இடைவெளி கிடைத்து, கார் வட்டமாகச் சுற்றி மறுபக்கம் போனது.

பாலம் தாண்டியதும் ரோடு அகலமானது. இன்னும் கொஞ்ச தூரம்தான் பெரியம்மா வீடு. மருமகளின் கால் அப்போதுதான் தரையை மிதிப்பதை நிறுத்தியது.

எதிர்ச்சாரியில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஓரமாக இரண்டு வேன்கள். அந்த வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண், தோளில் பையோடு, கையை ஆட்டிக்கொண்டு, பஸ்ஸை மட்டும் பார்த்தபடி ரோட்டில் ஓடி வந்தாள்.

எல்லாம் கண் இமைக்கும் நேரம். ஹாரன் அலறியது. பிரேக் விழுந்தது. சத்தம் கேட்ட அந்தப் பெண் ஓடுவதை விட்டு நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டாள். ரோட்டில் சிந்திக் கிடந்த மணலில் கார் வழுக்கிக்கொண்டே போனது. கார் நிற்காது என்று மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தக்கூட வாய் வரவில்லை. பக்கத்தில் கணவன் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டான்.

எக்ஸ்பிரஸ் திருப்பினார்.

இரண்டு கையும் ஸ்டியரிங்கைச் சுழற்றின. கார் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் புகுந்து, வேன்களைத் தாண்டி, ஓரத்தில் வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. எஞ்சின் ஓர் உதறல் உதறி அணைந்தது.

 மாமியாரின் கைப்பை கீழே விழுந்து, அதிலிருந்த மருந்து மாத்திரைகள் உருண்டு ஓடின.

"அத்தை?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணப் பாருங்க."

அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய் நின்றாள். பிறகு, பயந்தவர்கள் எல்லோரும் செய்வதைப்போல் திட்ட ஆரம்பித்தாள். "என்ன சார் ஓட்டுறீங்க? கொஞ்சம் பாத்து வர மாட்டீங்களா?" பஸ் உறுமியது. "ஐயோ, நில்லுங்க! நில்லுங்க!" என்று திட்டை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினாள். படியில் காலை வைத்தாள். உள்ளேயிருந்து யாரோ கை கொடுத்தார்கள். பஸ் கிளம்பியது.

எக்ஸ்பிரஸ் கதவைத் திறந்து இறங்கினார். ரோட்டோரமாக நின்று அந்த பஸ்ஸையே பார்த்தார். அது பாலத்தில் ஏறுகிறவரை பார்த்தார். பாலத்தின் மேட்டில் சின்னதாகிற வரை பார்த்தார். அப்புறமும் அவர் திரும்பவில்லை.

கணவன் இறங்கிப் போய் அப்பா பக்கத்தில் நின்றான். தோளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

"அவளுக்கு பஸ் கெடச்சிடுச்சுடா" என்றார் எக்ஸ்பிரஸ்.

"ஆமாப்பா."

"திருப்பினேன்டா." தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.  "திரும்பிடுச்சுடா."

மகனுக்கு எல்லாம் புரிந்தது. அன்றைக்குப் படியில் உட்கார்ந்து தன்னிடம் சொன்னது அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தைகூட மறக்காமல் ஞாபகம் இருக்கிறது. அவன் அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அந்த வயது மகனும் அந்த வயது அப்பாவும் ரோட்டோரத்தில் அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை, போகிற வருகிறவர்கள் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மருமகள் காரைச் சுற்றிப் பார்த்தாள். முன்னால் கொஞ்சம் பெயின்ட் போயிருந்தது. டயர் நன்றாக இருந்தது. அவள் பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த நொடியில், அந்த இடைவெளியில், தான் இருந்திருந்தால் திருப்பியிருப்போமா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிய மனுஷனை நினைத்துக்கொண்டாள்.

எக்ஸ்பிரஸ் வந்து சாவியை அவளிடம் நீட்டினார். "இனி நீ ஓட்டும்மா. எனக்குக் கை நிக்கல."

அவள் வாங்குவதற்குள், "அப்பா" என்றான் கணவன். பின் கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்து, சாத்திக்கொண்டான். "கொஞ்சம் தண்ணி குடிங்க. அப்புறம் நீங்களே ஓட்டுங்க."

மாமியார் மாத்திரைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே, "நான் எங்கயும் இறங்கலப்பா" என்றார், பொதுவாக.

* * *

பெரியம்மா வீட்டு வாசலில் கார் ஓரமாக, ரோட்டுக்கு ஒத்தாற்போல், அளந்து வைத்த மாதிரி நின்றது. கணவனும் மருமகளும் இறங்கினார்கள். மாமியார் இறங்கவில்லை. சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன அத்தை, முட்டி பிடிச்சிடுச்சா?"

மாமியார் பதில் சொல்லாமல் தன் புருஷனைப் பார்த்தார். எக்ஸ்பிரஸின் கை ஸ்டியரிங் மேலேயே இருந்தது. நடுக்கம் நின்றிருந்தது.

"இதே ரோட்டுல நேரா போனா அந்தப் பழைய ஸ்டேஷன் வரும்" என்றார் மகனைப் பார்த்து. "உங்கம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டா. ரொம்ப நாள் பாக்கி. அங்க போய் நின்னு சொன்னாத்தான் எனக்குச் சொல்ல வரும்."

 கார் இப்போதுதான் மணலிலிருந்து வந்திருக்கிறது. பின் சீட்டில்கூட யாரும் இல்லாமல் இவரைத் தனியாக அனுப்புவதா? 'நானும் வரேன் மாமா' என்று சொல்ல வாய் திறந்தவள், முன் சீட்டில் இருந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் இறங்க வேண்டிய இடம் என்று ஒன்று வரத்தான் செய்கிறது.

கணவன் குனிந்து அம்மா பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்தான். "மெதுவா வாங்கப்பா. ஒண்ணும் அவசரமில்ல" என்றான்.

கார் கிளம்பியது. கிளம்பியதே தெரியாமல் கிளம்பியது.

வாக்கரை ஊன்றிக்கொண்டு பெரியம்மா வாசலுக்கு வந்துவிட்டார். "வந்தாச்சா? எங்கடா உங்கம்மா?"

"முன் சீட்டுல உக்காந்து போயிட்டிருக்காங்க பெரியம்மா."

"போயிட்டிருக்காளா? எங்க?"

"பழைய ஸ்டேஷனுக்கு. நேரா போயிட்டு இப்ப வந்துடுவாங்க" என்று மருமகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தெருக்கோடியில் கார் மெதுவானது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. மஞ்சள் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. கண்ணாடிக்குள் மாமியாரின் கை நீண்டு எதையோ காட்டியது.

கார் நேராகப் போகவில்லை. ஸ்டேஷனுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத பக்கம் திரும்பி மறைந்தது.

மூன்று பேரும் ஆளில்லாத அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கடீ போறாங்க?" என்றான் கணவன்.

"தெரியலைங்க" என்றாள் பிரேக் மேடம். "ஆனா இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் திரும்பினார்."